பத்தாயிரத்து ஒன்று

போச்சம்பள்ளியிலிருந்து ஓசூர் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில், பக்கத்து சீட் ஃபிட்டர் பாய் ஒரு சட்டம் போட்டிருந்தார். கம்பெனியில் சேரும்போது தரும் டோக்கன் எண் பகா எண்ணாக இருப்பவருக்குத்தான் ஜன்னல். அவருடைய 9973 எதற்கும் வகுபடாது. ஜன்னல் அவருக்கே.

புதிதாகச் சேர்ந்த எனக்கு 10001. பார்த்தால் அதுவும் வகுபடாத எண் போலத்தான் இருந்தது. தொண்ணூற்றேழு வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும் என்றார் பாய். குலுங்குகிற பஸ்ஸில், டிபன் டப்பாவின் மேல் காகிதம் வைத்து வகுத்தேன். மூன்றுக்கு மீதி வந்தது, ஏழுக்கும் வந்தது. ஒரு வாரம் கழித்து எழுபத்தொன்றுக்கும் மீதி வந்தபோது வெறுத்துப் போனது. மிச்சமிருக்கிற எண்களால் எவன் வகுப்பான்?

“பாய், என்னுதும் பகா எண்தான். நவுருங்க.”

“தொண்ணூத்தேழு வரைக்கும் பாத்தியா?”

“பாத்துட்டேன்.”

“எழுபத்துமூணுக்கு மீதி எவ்ளோ வந்துச்சு?”

“பன்னெண்டு” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“மீதியே வராதுப்பா. நூத்திமுப்பத்தேழு தடவ சரியாப் போவும். நீ சேந்த அன்னிக்கே வகுத்துப் பாத்துட்டேன்.”

ஒரு வாரமாக நான் வகுத்து வகுத்துச் சாவதைப் பார்த்துக்கொண்டே, மனிதர் ஜன்னலோரம் காற்று வாங்கியிருக்கிறார்.