ஏலியாசுக்கு இறக்கை முளைத்த பகல்

ஏலியாஸ் கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். குவாப்பி ஆற்றங்கரையில் பால்குடி மறக்காத பிள்ளைகள் சாவதில்லை, கிளம்புகிறார்கள். எங்கள் பாட்டுகள் அப்படித்தான் சொல்லும். மேலே கதவு திறந்திருக்குமாம், முன்னே போய் இறக்கை முளைத்த மற்ற சம்மனசுகள் வாசற்படியில் காத்திருக்குமாம், போனதும் ஓடிப்பிடித்து விளையாடலாமாம்! அதனால் ஒப்பாரி கிடையாது. மத்தளமும் ஆட்டமும்தான். தாய் அழுதால் இறக்கை நனைந்துவிடும்.

பாட வேண்டியவள் பசிலிசா. சதுப்புக் காட்டில் முழங்கால் வரை சேற்றில் இறங்கி மட்டி பொறுக்குகிறவள். சுருட்டின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பாள், பாடுவதற்கு மட்டும் வெளியே எடுப்பாள். தன் இரண்டு பிள்ளைகளையும் அவளே பாடி அனுப்பியிருக்கிறாள்.

மத்தளக்காரர் கையை ஓங்கினார். ஏலியாசின் தாய் தியோசெலினா அடுப்படியிலிருந்து கத்தினாள்.

"அடிக்காதீங்க! அவன் தலையில தண்ணி விழலே. இறக்கையே முளைக்காது!"

மத்தளக்காரர் ஓங்கிய கையை இறக்கினார். எங்கள் பக்கம் பாதிரியார் வருவது அபூர்வம். பிள்ளை பிறந்த கையோடு யாராவது தண்ணீர் ஊற்றி ஜெபம் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்து ஞானத்தாய் ஆகிவிடுவார்கள். இவளோ கப்பலுக்குப் போன அண்ணன் வந்துதான் ஊற்றவேண்டும் என்று காத்திருந்துவிட்டாள். தண்ணீர் படாத பிள்ளைக்கு எங்கள் பாட்டுகளில் கதவு கிடையாது. அது காட்டுக்குள் அழுதுகொண்டே திரியும்.

பசிலிசா சுருட்டை எடுத்தாள்.

"யாருடி சொன்னா விழலேன்னு? அவன் பொறந்த மறுநாள் நீ அசந்து தூங்கினே. நான்தான் ஊத்தினேன். உங்க அண்ணன் கோவிச்சுக்குவானேன்னு வாயைத் தொறக்கலே."

"திருட்டு ஞானத்தாயா நீ!" என்றார் மத்தளக்காரர். "அப்ப சாராயச் செலவு உன்னோடதுதான்!"

"குடிச்சுத் தொலை! முதல்ல அடி!"

வீடு சிரிப்பில் குலுங்கியது. பசிலிசா காகிதப்பூ முடியை ஏலியாசின் தலையில் வைத்தாள், அவனை மார்போடு தூக்கிக்கொண்டு சுற்றினாள். "மேகத்தில் கால் வை, மன்னவனே, வழுக்காது!" என்று அவள் எடுத்துக் கொடுக்க, நாங்கள் எல்லாரும் வாங்கிப் பாடினோம். என் கையிலிருந்த மூங்கில் கிலுகிலுப்பை தெறித்துவிடும் போலிருந்தது. பலகைத் தரை அதிர்ந்தது. கூரை மேல் கோழிகள் பறந்தன. அப்போது தியோசெலினா எழுந்தாள்! அடுப்படியைவிட்டு வந்து பிள்ளையைக் கையில் வாங்கினாள், கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல் ஆடினாள். ஆற்றில் கடல்நீர் ஏறியதும் படகு அவனைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனது. கரையெல்லாம் பாட்டு.

பிறகு தியோசெலினா காலி என்கிற பெரிய நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். பல வருடம் கழித்து, பசிலிசாவிடம் போன் இல்லாததால், என் போனுக்கு தியோசெலினாவின் குரலில் ஒரு செய்தி வந்தது.

"பசிலிசாக்காகிட்டே சொல்லு. அவன் பொறந்த மறுநாள் நான் தூங்கவே இல்லே. ராப்பகலா அவனை நெஞ்சில போட்டுக்கிட்டு முழிச்சுத்தான் கெடந்தேன். யாரும் தண்ணி ஊத்தலேன்னு எனக்குத் தெரியும். ஆனா அவ பாடினப்போ அவன் பறந்தான், நான் பார்த்தேன். இப்ப வயித்துல இன்னொண்ணு இருக்கு. ஞானத்தாயா அவதான் வரணும். இந்தத் தடவை நெசமாவே ஊத்தச் சொல்லு!"