ஏழாம் வருஷத்துக் கொல்லை

என் அப்பா எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டது வேதப் புத்தகத்தில்தான். அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் இருந்த ஒரே அச்சுக் காகிதம் பீடிக்கட்டின் மேல் ஒட்டியிருந்த லேபிள். கண்ணமங்கலத்திலிருந்து மலையேறி வந்த உபதேசியார் ஒருவர் ஊரில் சில மாதம் தங்கினார். நாலைந்து குடும்பங்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார், அப்பாவுக்கு எழுத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். அப்பா புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். வினையே அதுதான்.

படித்ததையெல்லாம் செய்தாக வேண்டும் என்று நினைத்தார். ஒரே நிலத்தில் இரண்டு விதை கூடாது என்று ஓர் இடத்தில் வந்தது. எங்கள் மலையில் கேழ்வரகு விதைத்தால் ஊடே துவரையும் அவரையும் போடுவார்கள். மழை ஏமாற்றினால் ஏதாவது ஒன்று நிற்குமே என்பதற்காக. அந்த வருஷத்திலிருந்து எங்கள் கொல்லையில் வெறும் சாமை. குழம்புக்கு ஒரு பிடி துவரை இல்லாமல் அம்மா பக்கத்து வீட்டில் கையேந்தினாள். இரண்டு விதமான நூல் கலந்த துணி ஆகாது என்று இன்னோர் இடத்தில் வந்தது. பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த டெரிகாட்டன் வந்த புதிது. போளூரில் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே நல்ல சட்டையைக் கழற்றி சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு, துண்டைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரிக்கிற மாதிரி நடந்தது அதுதான் கடைசி.

அப்புறம் ஏழாம் வருஷம் வந்தது. ஆறு வருஷம் உழுது விதைத்த நிலத்துக்கு ஏழாவது வருஷம் ஓய்வு தர வேண்டும், அதில் தானாக முளைப்பதை ஏழைகளுக்கு விட்டுவிட வேண்டும் என்பது கட்டளை. அப்பா ஞானஸ்நானம் வாங்கிய வருஷத்திலிருந்து மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது.

கொல்லைக்குப் பட்டா கிடையாது. அந்தப் பக்கத்தில் யாருக்குமே கிடையாது. ஏர் ஓட்டுகிறவனுக்கு நிலம். ஒரு வருஷம் ஏர் படாமல் கிடந்தால் அது ஊருக்குச் சேர்ந்துவிடும். கேட்கிறவனுக்கு ஊர்ப் பெரியவர் எடுத்துக் கொடுத்துவிடுவார். மலையில் நண்டு சிண்டுகளுக்குக்கூடத் தெரிந்த வழக்கம் இது. எங்களுக்கு அந்த ஒரு கொல்லையை விட்டால் வேறு பிழைப்பு இல்லை.

"ஏரு ஓட்டாம உட்டா கொல்லய ஊரு எடுத்துக்கும்னு தெரியாதா உங்களுக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"அது மனுசன் போட்ட சட்டம். இது அவரு போட்டது."

"அவரு வந்து பஞ்சாயத்துல பேசுவாரா?"

அப்பா புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டார். அம்மா விடவில்லை; கீழே போன ஆள் மூலமாக உபதேசியாருக்குச் சொல்லி அனுப்பினாள். அவரும் பாவம், ஜீப் நிற்கிற இடத்திலிருந்து வெயிலில் நடந்தே வந்து சேர்ந்தார்.

"தம்பி, அது அந்தக் காலத்து ஜனங்களுக்குச் சொன்னது. நமக்கில்ல" என்றார்.

"நமக்கில்லன்னா எதுக்குய்யா அச்சடிச்சிக் குடுத்தீங்க? எது நமக்கு, எது நமக்கில்லன்னு கோடு போட்டுக் குடுங்க" என்று அப்பா புத்தகத்தை நீட்டினார். அவர் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு ஜெபம் பண்ணிவிட்டு, அம்மா கொடுத்த கூழைக் குடித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். அந்த மனுஷர்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை.

மழை பெய்தது. ஊரே ஏர் பூட்டிக்கொண்டு போனது. எங்கள் கொல்லை மட்டும் புல் மண்டிக் கிடந்தது. உழவு மாடு இரண்டையும் விற்றுச் சாப்பிட்டோம். அப்புறம் நானும் அம்மாவும் கடுக்காய் பொறுக்கவும் காட்டுக் கிழங்கு தோண்டவும் போனோம். முந்தின வருஷம் உதிர்ந்த மணியில் ஒரு மூலையில் கொஞ்சம் சாமை தானாக முளைத்துக் கதிர் விட்டிருந்தது. அம்மா அதை அறுத்து மடியில் கட்டிக்கொண்டு வந்தாள்.

அப்பா வாசலில் மறித்தார். "அத அங்கியே வுட்டுட்டு வா. அது ஏழைங்களுக்கு."

"ஏழைன்னா யாருன்னு அந்தப் பொஸ்தகத்துல போட்டிருக்குதா? எங்க மூஞ்சியப் பாருங்க" என்றாள் அம்மா. பார்த்தார். அப்புறம் வழியை விட்டார். ஆனால் அந்தச் சாமைக் கஞ்சியை அவர் மட்டும் தொடவில்லை. பசியில் வயிறு ஒட்டிப்போன அந்த மனிதரை அன்றைக்கு நான் மனசார வெறுத்தேன்.

அடுத்த வருஷ மழைக்கு யாரிடமோ மாடும் விதையும் இரவல் வாங்கி, கலப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா கொல்லைக்குப் போனார். நானும் விதைக் கூடையோடு பின்னால் போனேன். அங்கே சித்தப்பா பாதிக்கு மேல் உழுது முடித்திருந்தார்.

"பெரியவரு எனக்குன்னு சொல்லிட்டாருண்ணா. நான் கேக்கலன்னா வேற எவனாச்சும் கேட்டிருப்பான். நம்ம வூட்டுக்குள்ளயே இருக்கட்டுமேன்னுதான்" என்றார் சித்தப்பா. அப்பாவை நேராகப் பார்க்காமல் மாட்டிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

அப்பா சண்டை போடவில்லை. வீட்டுக்கு வந்து, கைவிட்டுப் போன நிலமெல்லாம் ஐம்பதாவது வருஷத்தில் உரியவனுக்கே திரும்பிவிடும் என்று எழுதியிருப்பதாக எங்களுக்கு எடுத்துச் சொன்னார். அதுவரைக்கும் எதைத் தின்பது என்று அம்மா கேட்டாள். அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

அறுவடைக்கு மூன்று பேரும் கூலிக்குப் போனோம், அதே கொல்லைக்கு. அப்படி ஒரு விளைச்சலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு வருஷம் சும்மா கிடந்த மண் அல்லவா, கதிரின் கனம் தாங்காமல் தாள் எல்லாம் சாய்ந்து கிடந்தது. அப்பா ஒரு கதிரைப் பிடித்து உருவி, மணிகளை உள்ளங்கையில் வைத்து எங்களிடம் காட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

"பாத்தியா! ஓய்வு குடுத்தா அள்ளிக் குடுப்பேன்னு சொன்னாரு, குடுத்துட்டாரு. பொய்யில்ல பாரு."

எனக்கு ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது. அம்மா அரிவாளைப் பிடித்தபடி நிமிர்ந்தாள்.

"குடுத்தாரு. யாருக்குக் குடுத்தாரு?"

அப்பா கொஞ்சம் யோசித்தார்.

"நெலத்துக்குக் குடுப்பேன்னுதான் சொன்னாரு. நமக்குன்னு எங்க சொன்னாரு?"

வரப்பிலிருந்து சித்தப்பா, பொழுது போவதற்குள் முடிக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார். மூன்று பேரும் குனிந்து அறுத்தோம்.