பூசையில் வைத்த கம்ப்யூட்டர்

எனக்குப் பொறுமை கிடையாது. இதைப் பெற்ற தாயே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அப்படிப்பட்ட என்னைத்தான் பிரிக்பீல்ட்ஸில், கல்யாணக் கார்டும் கோயில் நோட்டீசும் அடிக்கும் ஒரு சின்ன அச்சகத்தில் தமிழ் டைப் செய்ய உட்கார வைத்திருந்தார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கடையில் இருந்தது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதைத் தொடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். முதலாளி அதைப் பாதி பக்தியோடும் பாதி சந்தேகத்தோடும் பார்ப்பார்.

அந்த வருஷம் நவராத்திரிக்கு முன்பிருந்தே ஒரு பெரியவர் தினமும் மத்தியானம் கடைக்கு வந்துகொண்டிருந்தார். யாழ்ப்பாணத்து வழி வந்தவர், ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அவர்கள் வழக்கப்படி முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வருகிறவர்களுக்கு, இறந்தவரின் வாழ்க்கையைச் சொல்லும் ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்துக் கொடுப்பார்கள். கல்வெட்டு என்று அதற்குப் பெயர். மற்றவர்கள் யாராவது படித்தவரிடம் எழுதி வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். இவருக்குக் கை நடுக்கம், ஆனால் அடுத்தவர் எழுதுவதும் பிடிக்காது. என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வாயால் சொல்வார், நான் அடிப்பேன். காகிதத்தில் ஒரு வரி கிடையாது.

ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வாசலில் போகும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு இருப்பார். எனக்கு உள்ளே கொதிக்கும். மேசைக்கு அடியில் கால் ஆடிக்கொண்டே இருக்கும். ஆனால் போகப் போக அந்த அம்மாள் எனக்குப் பழக்கமாகிவிட்டார். கல்யாணமான கையோடு கப்பலில் வந்து இறங்கியது, முதல் மாதம் முழுக்க அழுதது, பிறகு முருங்கைக் கன்று தேடி செந்தூல் வரைக்கும் போனது எல்லாம் எனக்கு மனப்பாடம். அவர் வரப் பிந்தினால் வாசலை எட்டிப் பார்க்கவும் ஆரம்பித்திருந்தேன்.

ஆயுத பூசை வந்தது. சாவுத் தீட்டு கழியாத துடக்கு வீடு என்பதால் பெரியவர் அன்று வரவில்லை. காகிதம் வெட்டும் கத்தி, கத்தரிக்கோல், ஸ்டேப்ளர், மை டப்பா எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. கம்ப்யூட்டருக்கு மாலையும் உச்சியில் ஒரு எலுமிச்சம்பழமும் கிடைத்திருந்தன. கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. நான் அதற்குள் அந்த அம்மாளின் படத்தை முதல் பக்கத்தில் சேர்த்து, சேமிக்கக் கொடுத்திருந்தேன். படம் பெரியது. அந்தக் காலத்து மெஷின் அதை விழுங்க நேரம் எடுக்கும். முன்பக்கத்து விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

முதலாளி கற்பூரத் தட்டோடு வந்து நின்றார்.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க. சேவ் ஆகிட்டு இருக்கு."

"பூசை நேரத்துல மெஷின் ஓடக்கூடாது லா. அதுக்கும் ஒரு நாள் ரெஸ்ட் வேணாமா?"

சொல்லிக்கொண்டே சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். மின்விசிறி நின்றது, விளக்கு போனது, திரை இருண்டது. அவர் மணியை ஆட்ட ஆரம்பித்தார்.

தீபாராதனை முடிந்ததும் ஓடிப்போய் சுவிட்சில் கை வைத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"பூசையில வச்சத அன்னிக்கே தொடுவாங்களா? நாளைக்கு விஜயதசமி. நல்ல நேரம் பாத்து ஆன் பண்ணு."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பது சும்மா சொன்ன வார்த்தை இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் தெரிந்துவிடும், அழுத்தக்கூடாது. சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குள்ளேயே நடந்தேன். வீட்டுக்குப் போகும் கிள்ளான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை, எழுந்து நின்றுகொண்டே போனேன். வீட்டில் அம்மா ஏதோ கேட்டதற்கு எரிந்து விழுந்தேன். பாவம், அவள் மாவு இருக்கிறதா என்றுதான் கேட்டாள்.

மறுநாள் நல்ல நேரத்தில் முதலாளி முகூர்த்தம் சொல்ல, நான் பொத்தானை அழுத்தினேன். கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரே ஒரு வரி வந்து நின்றது. எழும்புவதற்குத் தேவையான சிஸ்டம் கோப்பு இல்லை, சிஸ்டம் டிஸ்க்கைப் போடு என்று ஆங்கிலத்தில் சொன்னது. அணைத்துப் போட்டேன். அதே வரி. முதலாளி கொஞ்சம் விபூதி எடுத்து அதன் நெற்றியில் பூசினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. அவரைப் பார்த்துச் சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை.

மெஷின் விற்ற சுபாங் ஜெயா கடைக்குப் போன் போட்டேன். எடுத்தவன் நிதானமாகக் கேட்டுவிட்டு, ஃபார்மேட் செய்தால் புதுசு மாதிரி ஆகிவிடும் என்றான்.

"உள்ள இருக்கிறது?"

"செமுவா ஹாபிஸ் லா."

மலாயில் சொன்னான், எல்லாம் போய்விடுமாம். அதை மதியச் சாப்பாடு தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னான். நான் போனை வைத்த வேகத்தில் முதலாளி ஒரு அடி பின்னால் போனார்.

என்னோடு கம்ப்யூட்டர் வகுப்பில் படித்த தோழி ஒருத்தி சாலாக் செலாத்தானில் இருந்தாள். அவள் வீட்டிலும் இதே மாதிரி மெஷின். அதிலிருந்து நல்ல சிஸ்டம் கோப்புகளை ஒரு பிளாப்பியில் எடுத்து வந்தால், அதைக் கொண்டு என் மெஷினை எழுப்பலாம், கெட்டுப்போனவற்றின் இடத்தில் நல்லவற்றை வைக்கலாம். டாக்சி பிடித்துப் போனேன். அவள் விஜயதசமிப் பாயசத்தைக் குடித்தால்தான் விடுவேன் என்றாள். சூட்டோடு குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன். திரும்பும் வழியெல்லாம் பிளாப்பியை வெயில் படாமல் முந்தானைக்குள் பிடித்துக்கொண்டு, டாக்சிக்காரரை விரட்டிக்கொண்டே வந்தேன்.

கடையில் பெரியவர் தன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முதலாளி அவருக்குத் தேத்தண்ணி மட்டும் வாங்கிக் கொடுத்திருந்தார், விஷயத்தைச் சொல்லவில்லை.

"என்ன பிள்ளை, படம் போட்டாச்சோ?"

சொன்னேன். கம்ப்யூட்டர் எழும்பவில்லை, அவர் சொன்னது முழுக்க உள்ளே மாட்டிக்கொண்டது, வருமா என்று தெரியாது என்றும் சொன்னேன். வார இறுதியில் முப்பத்தோராம் நாள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"திரும்பச் சொல்ல என்னால ஏலாது பிள்ளை. ஒருக்காச் சொன்னதே அவளை ரெண்டாந்தரம் எரிச்ச மாதிரி இருந்தது."

பிளாப்பியைப் போட்டேன். அது கரகரவென்று அரைத்து, மெஷினைக் கறுப்புத் திரை வரைக்கும் எழுப்பிவிட்டது; விண்டோஸ் மட்டும் வரவில்லை. சிஸ்டம் கோப்புகளை உள்ளே ஏற்றினேன். ஆனால் நான் சேமித்த கோப்பு அதன் இடத்தில் இல்லை. டிஸ்க்கைச் சோதிக்கும் புரோகிராமை ஓட்டினேன். அது, யாருக்குச் சொந்தம் என்று தெரியாமல் சிதறிக் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி, பெயரில்லாத கோப்புகளாக அடுக்கி வைத்தது. ஒவ்வொன்றாகத் திறந்தேன்.

தமிழே இல்லை. அப்போதெல்லாம் தமிழ் எழுத்து என்பது ஆங்கிலச் சாவிகளுக்கு மேல் போர்த்திய போர்வைதான். விண்டோஸ் எழும்பாததால் போர்வையும் இல்லை. திரை முழுக்க ஆங்கில எழுத்துகள் உளறிக்கொண்டிருந்தன, நடுநடுவே அரைப்புள்ளிகள். அரைப்புள்ளிகளைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. தமிழில் அந்தச் சாவிதான் மெய்யெழுத்தின் புள்ளி. இத்தனை புள்ளி வைக்கிற பாஷை வேறென்ன இருக்கிறது?

கண்ணால் படிக்க முடியவில்லை. விரலால் படித்தேன். திரையில் இருக்கும் எழுத்தின் சாவியை அழுத்தாமல் தொட்டால், விரலுக்கு அது எந்தத் தமிழ் எழுத்து என்று தெரிந்தது. தொட்டுத் தொட்டு வாய்விட்டுச் சொன்னேன். கப்பல் வந்தது. அழுகை வந்தது. முருங்கை வந்தது. பெரியவர் ஸ்டூலை நெருக்கிப் போட்டுக்கொண்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, குரல் ஓடியது.

எழுத்தெழுத்தாகப் படிக்கிறவளுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியாது. அடுத்த துண்டைத் திறந்து அப்படியே படித்துக்கொண்டு போனேன். 'அவளுடைய தாயார் சாகக் கிடப்பதாக ஊரிலிருந்து தந்தி வந்தது. ஒருக்கால் போய் முகம் பார்க்கவேண்டும் என்றாள். லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். நான் லீவு கேட்கவேயில்லை.'

படித்த பிறகுதான் புரிந்தது. இந்தப் பத்தியை முதல் வாரத்தில் சொன்னவர், மறுநாள் வந்து வேண்டாம் என்றார். நானும் அழித்துவிட்டேன். அழித்ததாக நினைத்தேன். நான் டைப் செய்யும் புரோகிராம், அழித்ததைக் கண்ணுக்கு மறைத்துவிட்டு உள்ளேயே வைத்திருந்திருக்கிறது.

"இது நீங்க எடுக்கச் சொன்னது அங்கிள். தெரியாம படிச்சிட்டேன்."

"இன்னொருக்கா வாசி."

வாசித்தேன். இந்த முறை மெதுவாகத்தான் வாசிக்க முடிந்தது. முதலாளி கூட அச்சு இயந்திரத்தை நிறுத்திவிட்டிருந்தார்.

"எடுத்துவிடு பிள்ளை."

எனக்குக் கோபம் வந்தது. அந்த அம்மாளுக்காக வந்தது. "ஏன் அங்கிள்? உண்மைதானே? இருந்துட்டுப் போகட்டுமே."

அவர் கோபிக்கவில்லை. "அவளுக்குச் சொல்லியிருக்கவேணும். அவ்வளவு வருஷமும் பக்கத்திலதான் இருந்தவள், சொல்லேல்லை. இப்ப அச்சடிச்சு ஆக்களுக்குக் குடுத்தா எனக்கு நெஞ்சு ஆறிடும்." குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "ஆறக்கூடாது."

அவர் போன பிறகு விண்டோஸை மறுபடி ஏற்றினேன். பழைய துண்டுகளை ஒட்டவைக்க மனம் வரவில்லை. புதிய கோப்பு ஒன்றைத் திறந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து அடித்தேன். தந்தி வரும் இடத்தில் விரல் நின்றது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பிறகு அதைத் தாண்டி, அவர் சொல்லியிருந்த அடுத்த வரியை அடித்தேன்: 'அவள் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.'