தண்ணீருக்கு அப்பாலுள்ள சுவர்

கோட்டைக்குள் நிலத்துக்கு அடியில் பழைய காலத்துத் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது, இப்போது பார்க்க விடுகிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னது நான்தான். கதையோடு கதையாகத்தான் சொன்னேன்.

"கீழ ஆக்கள் நிக்கலாமோ?"

"ஓம், மண்டபம் மாதிரியாம்."

"கதவு இருக்கோ?"

அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். சண்டைக் காலத்தில் அண்ணாவை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனதிலிருந்து, நிலத்துக்கு அடியில் ஆட்களை வைத்திருந்தார்கள் என்று எங்கே கதை எழும்பினாலும் அம்மா அங்கே போய் நிற்பார். ஞாயிற்றுக்கிழமை சீனன்குடாவில் பஸ் ஏறும்போது அவருடைய பைக்குள் அண்ணாவின் சாரமும் சேர்ட்டும் மடித்துக் கிடந்தன.

படி இறங்கியதும் குளிர்ந்தது. வளைந்த கூரை, தூண்கள், நடுவில் கறுப்பாய்த் தண்ணீர். கிண்ணியாக்காரரான காவலாளி டோர்ச் அடித்து, "மழைத் தண்ணிய இதுக்குள்ள சேர்த்துத்தான் கோட்டை முழுக்கக் குடிச்சவங்க" என்றார். அம்மா தண்ணீரைப் பார்க்கவேயில்லை. சுவரைத் தடவிக்கொண்டு போனார். சாந்தில் ஆணியால் கீறிய எழுத்துகள்.

"தம்பி, எழுதிக் கிடக்கு. வாசி."

வீட்டில் வாசிக்கத் தெரிந்தவன் நான் மட்டும். அண்ணாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுத வரும். நான் மூன்றாம் வகுப்பில் படிக்கும்போது அவனுக்குப் பழக்கியது.

"அம்மா, இது பார்க்க வந்த பெடியள் கீறினது."

காவலாளி சிரித்தார். "எல்லாம் லவ் கேஸ் அம்மா. சுண்ணாம்பு அடிச்சாலும் திரும்ப வந்து கீறுதுகள்."

"நீ வாசியன். படிச்சனி தானே?"

வாசித்தேன். ஒரு பெயர், கூட்டல் குறி, இன்னொரு பெயர். அம்மாவுக்கு முன்னால் நாக்குக் கூசியது. "உனக்காகக் காத்திருக்கிறேன்" என்று ஒன்றை வாசித்ததும் என் கையைப் பிடித்தார்.

"கீழ ஆற்ற பேர்?"

"ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ர, அம்மா."

"வடிவாப் பார்."

காவலாளி இப்போது சிரிக்கவில்லை. கிட்ட வந்து டோர்ச்சை உயர்த்திப் பிடித்தார். பெண்பிள்ளையின் பெயர்தான்.

எட்டிய இடமெல்லாம் வாசித்து முடித்தேன். அண்ணாவின் பெயர் இல்லை. இல்லாதது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

படியேறும்போது அம்மா திரும்பி நின்றார். தண்ணீருக்கு அப்பால், இருட்டில், இன்னொரு சுவர்.

"அந்தப் பக்கம் வாசிக்கேல்லையே."

"ஏலாது அம்மா. தண்ணி."

அம்மா காவலாளியைப் பார்த்தார். "இது வத்தாதோ?"

"கடும் வெயிலுக்குக் கொஞ்சம் வத்தும்" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

"அப்ப ஆவணியில வருவம்" என்று அம்மா பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.