பூஜையில் வைத்த கிராபிக்ஸ் கார்டு

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எங்கள் அலுவலகத்தில் ஸ்டிக்கர் வாங்கியிருந்தார்கள். சந்தனமும் குங்குமமும் அச்சடித்த, உரித்து ஒட்டுகிற ஸ்டிக்கர். நிஜச் சந்தனம் வைத்தால் லேப்டாப் பாழாகிவிடுமாம். கம்பெனிச் சொத்து பாருங்கள். ஒருத்தி மேஜை மேஜையாக வந்து ஒட்டிக்கொண்டே போனாள். எனக்கும் ஒன்று ஒட்டினாள். நான் குனிந்து மோந்து பார்த்தேன். பசை வாசம்தான் வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். போட்டவுடன் சந்தனம் மணக்கிற கம்ப்யூட்டர் ஒன்றை நான் வைத்திருந்தேன் என்று அவரிடம் சொன்னால் நம்புவாரா? நீங்களாவது நம்புங்கள்.

அப்போது நானும் நஸ்ரீனும் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையின் பில் கவுண்டரில் வேலை பார்த்தோம். கல்லூரியில் ஒரே பெஞ்ச், வேலையிலும் ஒரே ஜன்னல். அவளுக்கு வீடு மேலப்பாளையம், எனக்குப் பாளை. இரண்டு பேரிடமும் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த லேப்டாப் இருந்தது. அதில் சண்டை விளையாட்டு விளையாடினால் அடிப்பக்கம் தோசைக்கல்லாகக் காயும். அதனால் நான் இட்லித் தட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் லேப்டாப்பை வைத்துக்கொள்வேன். ஓட்டை வழியாகக் காற்று போகும் என்பது என் விஞ்ஞானம். காலையில் அம்மா தட்டைத் தேடிக்கொண்டு வந்து, மாவு காய்ந்த கரண்டியோடு என் தலைமாட்டில் நிற்பாள்.

தட்டு வைத்தும் பிரயோசனம் இல்லை. எதிரி வந்தவுடன் திரை அப்படியே நின்றுவிடும். மறுபடி அசையும்போது நான் செத்துக் கிடப்பேன். நான் சுட்டு யாராவது செத்தார்களா என்றால், கிடையாது. நஸ்ரீனுக்கும் அதே கதி. "நாம தோக்கலட்டி, நம்ம மெஷினு தோக்குது" என்பாள். அந்த ஒரு வாக்கியத்தில்தான் எங்கள் லட்சியம் பிறந்தது. சம்பளத்தைச் சேர்த்து, பாகம் பாகமாகப் பொறுக்கி எடுத்து, விளையாடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டரை நாங்களே கட்ட வேண்டும். அவள் வீட்டில் சின்னம்மா பிள்ளைகள், மாமி பிள்ளைகள் என்று நிற்க இடம் இருக்காது. அதனால் மெஷின் என் வீட்டில் இருக்கும், இருவருக்கும் சொந்தம்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க இதே பேச்சுதான். அவள் டப்பாவில் இடியாப்பமும் ஆணமும், என் டப்பாவில் புளிச்சோறு. நடுவில் புராசஸர். எனக்கு லைட் எரிகிற கேபினெட் மேல் ஆசை. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே விசிறிகள் சிவப்பும் நீலமுமாகச் சுற்ற வேண்டும், இட்டேரி மாதிரி ஒடுங்கிக் கிடக்கிற எங்கள் சந்தில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப்பார்க்க வேண்டும். நஸ்ரீன் சோற்றுக் கையை உதறிவிட்டுத் திட்டுவாள்.

"ஏட்டி, கல்யாண வீட்டுல பந்தலத் திங்கவா போறோம்? மொதல்ல ஆக்கிப் போடுத வழியப் பாரு."

ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்று எங்களைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். புராசஸரை உயர்த்தினால் மதர்போர்டு எட்டாது. மதர்போர்டைப் பிடித்தால் ரேம் பாதியாகிவிடும். கடைசியில் லைட்டை நான் விட்டுக்கொடுத்தேன். உள்ளேயே படம் காட்டும் வசதி இல்லாத, அதனால் விலை மலிந்த புராசஸர் ஒன்றை அவள் கண்டுபிடித்தாள். தனியாகக் கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் அது கண் இல்லாத மனுஷன்தான். கார்டுக்கு என்ன செய்வது? "எங்க வாப்பா லீவுல வாராங்க. என்ன வேணும்னு கேட்டாங்க. எல்லாரும் நகை கேட்டாளுவ, நான் கார்டு கேட்டிருக்கேன்" என்றாள். வாப்பா சவூதியில், தம்மாமில் ஒரு கிடங்கில் கணக்குப் பார்த்தார். அவருக்கு அது என்ன சாமான் என்று கடைசிவரை விளங்கவில்லை. மகள் அனுப்பிய படத்தைக் கடையில் காட்டி வாங்கினார்.

பாகங்களின் பெயரும் நம்பரும் எங்களுக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் ஒன்றைச் சொல்ல, நான் அடுத்ததைச் சொல்வேன். ஒருநாள் பக்கத்தில் நின்ற அம்மாள், "பரிச்சையா தாயி?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினோம்.

வண்ணார்பேட்டையில் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் கடை இருந்தது. படியேறும்போதே புது பிளாஸ்டிக், தெர்மாகோல், கடைக்கார அண்ணாச்சி கொளுத்தி வைத்த ஊதுபத்தி எல்லாம் கலந்து ஒரு வாசம் வரும். அந்த வாசத்துக்கே நான் இரண்டிரண்டு படியாக ஏறுவேன். முதல் தடவை எங்களைப் பார்த்ததும் அண்ணாச்சி, "ஆபீஸ் வேலைக்கா தாயி? டைப்பிங்குக்கு ரெடிமேடே இருக்கு" என்றார். நஸ்ரீன் மூச்சு விடாமல் எங்கள் வாய்ப்பாட்டைச் சொல்லி முடித்ததும், சுவரில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்த கேபினெட்டு எடுத்தா எஸ்எம்பிஎஸ் ஓசி தாயி."

"அந்த ஓசி வேண்டாம் அண்ணாச்சி. கரண்டு குடுக்குத சாமான்தான் இதுக்கு இருதயம். அத யாராவது ஓசியில வாங்குவாங்களா?" என்றாள் நஸ்ரீன்.

"பொம்பளப் புள்ளைய இவ்வளவு வெவரமா வந்தா நான் எப்படி யாவாரம் பண்ண?" என்று அவர் சிரித்துவிட்டார். பிறகு நாங்கள் போகும்போதெல்லாம் குடிக்கக் கலர் வாங்கித் தருவார், விலையைக் குறைக்க மட்டும் மாட்டார்.

புரட்டாசி முடிகிற சமயம் வாப்பா வந்தார். மறுநாள் நஸ்ரீன் கார்டை மருத்துவமனைக்கே எடுத்துவந்தாள். வாப்பா அதைத் தேங்காய்ப்பூத் துண்டில் சுற்றி, சோப்புக்கட்டிகளுக்கும் அத்தர் பாட்டிலுக்கும் நடுவே வைத்துக் கொண்டுவந்திருந்தார். பெட்டியைத் திறந்தால் அரபுநாட்டுப் பெட்டிக்கே உள்ள அந்த மணம். பில் கட்ட வந்தவர்கள் காத்திருக்க, நாங்கள் இரண்டு பேரும் கவுண்டருக்குக் கீழே குனிந்து கார்டை மோந்துகொண்டிருந்தோம்.

அப்போதுதான் சொன்னாள். அதே பெட்டியில் விசாவும் வந்திருக்கிறது. உம்மா, அவள், தம்பி எல்லோரும் வாப்பாவோடு தம்மாமுக்குப் போகிறார்கள். விஜயதசமி அன்று திருவனந்தபுரத்திலிருந்து விமானம்.

"அப்ப கார்டு?" என்று கேட்டேன். கேட்கக்கூடிய கேள்வியா அது! அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"கார்டு இங்கனதான் இருக்கும். ஆனா ஒண்ணு, நான் போறதுக்குள்ள அதுல படம் வாரத என் கண்ணால பாத்துரணும்."

பூஜைக்காக அந்த மாதச் சம்பளத்தை முன்கூட்டியே கொடுத்தார்கள். சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் கடைக்கு ஓடி எல்லாவற்றையும் வாங்கினோம். மானிட்டர் மட்டும் மருத்துவமனையில் கழித்துக்கட்டியது. மேலே 'எக்ஸ்ரே அறை' என்று எழுதி ஒட்டியிருக்கும். அன்று நஸ்ரீன் குடும்பத்தை வழியனுப்ப வந்த சொந்தக்காரர்கள் அவள் வீடு நிறைய இருந்தார்கள். மறுநாள் மத்தியானம் வந்து கட்டலாம் என்று ஏற்பாடு. வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ரேமைப் பிரித்து, அதன் அடியில் வரிசையாக மின்னுகிற தங்கப் பற்களை ஆசை தீரப் பார்த்துவிட்டு, பெட்டிகளின் மேலேயே வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.

காலையில் தலைக்குக் குளித்துவிட்டு வந்தால் பெட்டிகளைக் காணோம். எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் இருந்தன! தங்கச்சியின் புத்தகங்கள், பென்சில் டப்பா, அப்பாவின் ஸ்பேனர்கள், அரிவாள்மனை, தையல் மெஷின், இவற்றோடு என் மதர்போர்டு, என் புராசஸர், என் எஸ்எம்பிஎஸ். எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். அம்மா சூடம் காட்டி முடித்திருந்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும் வரை தொடக்கூடாது. உங்களுக்குத் தெரியாததா? சின்ன வயதில் படிக்காமல் இருக்க இதைவிட நல்ல சட்டம் கிடையாது என்று நானே கொண்டாடியிருக்கிறேன்.

மத்தியானம் நஸ்ரீன் கார்டோடு வந்து, பொட்டு வைத்த பெட்டிகளைப் பார்த்துவிட்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, நாளைக்கு எங்களுக்குப் பயணம்மா."

அம்மாவுக்கும் முகம் வாடிவிட்டது. ஆனாலும் சாமி காரியம். சுண்டலும் பொரியும் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டு யோசித்தாள். "வெசனப்படாதட்டி. விடியுததுக்கு முன்னாடி நான் மறுபூஜையப் பண்ணிருதேன். நீ வெள்ளன வந்துரு. அந்தக் கார்டையும் குடு, அது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு? சேத்து வச்சிருவோம்."

நஸ்ரீன் சிரித்துக்கொண்டே நீட்டினாள். "பெட்டி மேல மட்டும் வைங்கம்மா." கார்டுப் பெட்டிக்கும் குங்குமம் ஏறியது.

மறுநாள் விடிகாலைப் பஜர் தொழுத கையோடு அவள் வந்துவிட்டாள். தம்பி பைக்கில் இறக்கிவிட்டுப் போனான். வேன் ஒன்பது மணிக்கு. வீட்டுக் கூடமான பட்டாசாலையில் பாயை விரித்து உட்கார்ந்தோம். சூடம், சந்தனம், அத்தர், புது பிளாஸ்டிக் எல்லாம் சேர்ந்து வீடே மணந்தது. அவள் புராசஸரை உட்கார்த்தி, அதன் தலையில் சாம்பல் நிறப் பசையைப் பிதுக்கினாள். சூட்டை இழுக்கிற பசை. காப்பி கொண்டுவந்த அம்மா, "அதுக்குத் திருநாறும் பூசுதியளா? பூசுங்க பூசுங்க" என்று திருப்தியாகப் போனாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் திருகாணி கட்டிலுக்கடியில் உருண்டுபோனது.

கடைசி வயரைச் சொருகி, பிஸ்மி சொல்லி, அவள்தான் பித்தானை அமுக்கினாள். விசிறிகள் சுற்றின! தங்கச்சி கைதட்டினாள். எக்ஸ்ரே அறை மானிட்டர் மட்டும் இருட்டாகவே இருந்தது. அணைத்துப் போட்டோம். இருட்டு. வயரை மாற்றிப் போட்டோம். இருட்டு. வாப்பா போன் செய்தார், வேன் கிளம்பிவிட்டதாம், இங்கே வந்தே ஏற்றிக்கொள்கிறார்களாம். நஸ்ரீன் கார்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"கார்டுதான் போயிருக்கும்ட்டி. பெட்டியில இடிபட்டு வந்திருக்கு. ஒனக்கு ஒடஞ்ச சாமானக் குடுத்துட்டுப் போறேன் பாரு."

எனக்கு அழுகை வந்தது. கார்டுக்காக இல்லை. எதையாவது செய்ய வேண்டுமே என்று ரேமைக் கழற்றினேன். விரலில் மாவு மாதிரி ஏதோ ஒட்டியது. மோந்து பார்த்தேன். சந்தனம்! பிரித்து வைத்த ரேமுக்கு அம்மா வஞ்சகமில்லாமல் பொட்டு வைத்திருக்கிறாள், சரியாக அந்தத் தங்கப் பற்களின் மேல். அது நேற்றே காய்ந்து அப்பியிருக்கிறது, சொருகின அவசரத்தில் நாங்கள் பார்க்கவில்லை.

"அழிலப்பர், அழிலப்பர்!" என்று நஸ்ரீன் கத்தினாள். தங்கச்சி தன் பென்சில் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதிலும் ஒரு குங்குமப் பொட்டு. அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, மறுபக்கத்தால் நஸ்ரீன் பற்களைத் தேய் தேய் என்று தேய்த்தாள். சந்தனம் உருண்டை உருண்டையாக உதிர்ந்தது. பழையபடி சொருகி, பித்தானை அமுக்கினோம்.

திரை வெளுத்தது. எழுத்துகள் வந்தன. விண்டோஸ்கூடப் போடாத மெஷினில் வேறு என்ன வரும்? உள்ளே இருக்கிற பாகங்களின் பெயர்கள்தான். புராசஸர், அதன் நம்பர். ரேம், அதன் நம்பர். பஸ் நிறுத்தத்தில் நாங்கள் ஒப்பித்த வாய்ப்பாடு அப்படியே திரையில் ஏறி நின்றது. இரண்டு பேரும் வரிவரியாக விரல் வைத்து உரக்கப் படித்தோம். கார்டின் பெயர் அதில் இல்லை. "அதுக்குப் பேரு எதுக்கு? இம்புட்டும் தெரியுததே அதனாலதான" என்றாள் நஸ்ரீன். அம்மா ஓடிவந்து, "படம் வந்துட்டா?" என்று கேட்டுவிட்டு, பொட்டு வைத்திருந்த சுவிட்சுப் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டாள். அவ்வளவு சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு எந்தத் திரையின் முன்னாலும் பட்டதில்லை.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

அப்புறம் அவளும் நானும் நிறைய விளையாடினோம். அவளுக்கு வாப்பா அங்கே ஒரு மெஷின் வாங்கிக் கொடுத்தார். தம்மாமிலிருந்து என் காதுக்குள் "ஏட்டி, எடப்பக்கம் வாரான், எடப்பக்கம்!" என்று அலறுவாள். இப்போது அந்த விளையாட்டே இல்லை, அதன் சர்வரை மூடிவிட்டார்கள். வண்ணார்பேட்டை மாடியில் அண்ணாச்சி இல்லை, செல்போன் உறை விற்கிறார்கள். எதற்கு எது பொருந்தும் என்று போனே சொல்லிவிடுவதால், யாரும் பஸ் நிறுத்தத்தில் நின்று ஒப்பிப்பதில்லை. நான் சென்னைக்கு மாறியபோது மெஷினைப் பாகம் பாகமாக விற்றேன். கார்டு அதற்கு முன்பே விசிறி நின்று செத்துப்போனது. அதன் பெட்டியில் அம்மா சூடமும் திரியும் போட்டு வைத்திருந்தாள், கரையான் அரித்துவிட்டது.

ஸ்டிக்கர் ஒட்டிய லேப்டாப்பைப் படம் எடுத்து நஸ்ரீனுக்கு அனுப்பினேன். முதலில் சிரிப்புப் பொம்மை ஒன்று வந்தது, அதன் பின்னால் அவள் குரல்பதிவு: "அந்த மெஷின்ல ஒரு ஆட்டமாவது ஒன் பக்கத்துல இருந்து ஆடியிருக்கணும்ட்டி."

ஆடியிருக்க வேண்டும். அவள் பொறுக்கி, அவள் சண்டை போட்டு, அவள் கையால் பூட்டிய மெஷின். நான் வருஷக்கணக்கில் அதில் விளையாடினேன். அவள் அதில் பார்த்தது அந்தப் பெயர்களை மட்டும்தான்.