கஞ்சன் வெட்டிய துணி

அந்தத் தையல் கம்பெனியின் கட்டிங் மாஸ்டருக்கு அம்மா அப்பா வைத்த பேர் ஒன்று உண்டு. சம்பளத்தன்று மட்டும் அது வெளியே வரும். மற்ற நாளெல்லாம் அவர் கஞ்சன்தான். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை. கைக்கும் காலருக்கும் நடுவே விரல் நுழைய இடம் விடாமல் பேட்டர்ன் அட்டைகளைத் துணிமேல் அடுக்குவார்.

"விளக்குமாத்துக்கு வேலையே இல்லாமப் பண்றியேப்பா!" என்று கட்டிங் ரூமைப் பெருக்குகிற அம்மா திட்டுவாள். அதைவிடப் பெரிய பட்டம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

விழுகிற கொஞ்சநஞ்சத்தை வீட்டுக்கு அள்ளிப் போவார். மனைவி அதை ஒட்டுப்போட்டுப் போர்வையாக்குவாள். ஒரு போர்வை ரொம்ப நன்றாக அமைந்துவிட்டது. மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். பெருமை தாங்காமல் முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினார். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

முதலாளி அதை விற்பனைக்கு வைத்தார். கழிவுத் துணியில் செய்ததா என்று வாங்குகிறவர்கள் சொக்கிப்போனார்கள். 'ஒரு நூலும் வீணில்லை' என்று லேபிள் அச்சானது. பின்னறையில் மெஷின்கள் வந்து இறங்கின. முதல் மெஷின் மனைவிக்கு. அவளுக்கென்று ஒரு நாற்காலி, அவளுக்கென்று ஒரு சம்பளம், எல்லாம் வாழ்க்கையில் முதல் தடவை. தைத்துக்கொண்டே அவள் பாடினாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் கேட்டிராத பாட்டு.

ஆர்டர் ஏறியது. துண்டு தீர்ந்தது. தீராதா பின்னே, வெட்டுகிறவர் கஞ்சன் ஆயிற்றே!

முதலாளி பிரிக்காத புதுத்துணி ரோல் ஒன்றை மேஜைமேல் போட்டார்.

"மாஸ்டர், இதைத் துண்டு துண்டா வெட்டிடுங்க. கோணல்மாணலா இருக்கட்டும்."

"முதலாளி, இது நல்ல துணிங்க."

"தெரியும். வேஸ்ட் இல்லாம வேஸ்ட் போர்வை எப்படித் தைக்கறது? முடியாதுன்னா சொல்லுங்க, பின்னாடி ரூமைப் பூட்டிடலாம்."

பின்னறையிலிருந்து பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. அவர் கத்தரியை எடுத்தார். நேராக வெட்டிப் பழகிய கைக்குக் கோணல் வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்ட வேண்டியிருந்தது. ஒழுங்காக உழைத்தவனை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது.

துண்டுகள் பின்னறைக்குப் போயின. மனைவி ஒன்றை எடுத்து விரித்தாள். கையகலம் இருந்தது. அவர் கத்தரியிலிருந்து இவ்வளவு பெரிய துண்டு ஒருநாளும் மிஞ்சியதில்லை என்று அவளுக்குத் தெரியாதா?

அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். "என்னங்க, இது மிஞ்சின துணி இல்லையே?"

அவள் தன் மெஷினைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் பெரிசாவே வெட்டுங்க. தைக்கச் சுலபமா இருக்கும்" என்றாள்.

அதற்கப்புறம் அவள் பாடவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கட்டிங் ரூமில் அவருக்குப் பேர் மாறிவிட்டது. மூட்டை மூட்டையாகத் துண்டைப் பெருக்கி அள்ளுகிற அம்மா, "வள்ளலே, காலைக் கொஞ்சம் எடு" என்கிறாள். ஆரம்பத்தில் அவர் காதில் விழாததுபோல நின்றார்.

இப்போதெல்லாம் வள்ளல் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறார்.