பூச்சியம் சென்ரிமீற்றர்

அளவுகோலைப் புல்லுக்குள் நட்டுவிட்டு அம்புறோஸ் குனிந்து பார்க்கிறார். பார்க்க ஒன்றுமில்லை. ஜனவரி பிறந்தும் ஜெர்மனியின் சவர்லாண்ட் மலையில் மழைதான் தூறுகிறது. பனிச்சறுக்குச் சரிவு பச்சைப் பசேலென்று கிடக்கிறது. ஆனாலும் மனிதர் விடமாட்டார். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்திலும் நட்டுப் பார்த்துக் கொப்பியில் எழுதுவார். பிறகு கோலைத் துவாயால் துடைத்து சறுக்குவோரை மேலே ஏற்றும் லிஃப்ற்றின் அறை ஆணியில் மாட்டுவார். ஈரம் பட்டால் அதன் பித்தளைப் பூண் கறுத்துவிடுமாம்.

அடுத்தது தொலைபேசி. டோர்ட்மண்ட் பக்கத்திலிருந்து சறுக்க வருகிறவர்கள் ஓர் எண்ணுக்கு அடித்து, மலையில் எவ்வளவு பனி, நாளை கொட்டுமா என்று கேட்டுக்கொள்வார்கள். அந்தப் பதிவுக் குரல் இவருடையது. மன்னார் வாய்க்குள் புகுந்து வருகிற ஜெர்மன். "மூண்டு கிழமையா பூச்சியம், பூச்சியம் எண்டே சொல்லிக்கொண்டிருக்கிறன். கேக்கிற சனம் இவனுக்கு வேற இலக்கம் தெரியாதாக்கும் எண்டு நினைக்கும்."

குளிரென்றால் ஆகாத இவர் பனிக்குத் தவம் கிடப்பது சும்மா இல்லை. எட்டு வருடமாக அவரும் மனைவி பேர்பெச்சுவாவும் மூன்று மாதத்துக்கொரு முறை நீட்டிக்கும் தற்காலிக வதிவிடக் கடதாசியில் இருக்கிறார்கள். ஊரில் திரும்பவும் சண்டை. நிரந்தர வேலை என்று முதலாளியின் கடிதம் காட்டினால் இங்கேயே இருக்கலாம். முதலாளி போல்மன் கெட்டவர் அல்ல. பனி விழுந்து லிஃப்ற் ஓடுகிற அன்றே கையெழுத்து வைக்கிறேன் என்கிறார். வெளிநாட்டவர் அலுவலகத்தில் வரச்சொல்லிக் குறித்த ரேர்மின் இருபத்திரண்டாம் திகதி. அதுதான் கடைசித் தவணை.

மூன்று தொலைக்காட்சிச் சேவைகளில் வானிலை பார்க்கிறார். மூன்றும் மழை என்கின்றன. பேர்பெச்சுவாவின் வாயும் சும்மா இருப்பதில்லை.

"போன மாரி சினோப் பனி வழிச்சு நாரியெலும்பு முறியுது, இனிக் கொட்டவே கூடாதெண்டு அந்தோனியாருக்கு நேர்த்தி வைச்சது ஆர்? அவர் இப்பத்தான் கேட்டிருக்கிறார்."

"எனக்கும் அதுதானப்பா யோசனை. குடுத்த நேர்த்தியை எப்பிடித் திருப்பி வாங்கிறது?"

அம்புறோஸ் சிரிக்கவில்லை. அந்த நேர்த்திக்காகச் செவ்வாய் தவறாமல் மச்சம் மாமிசம் விலக்கி வந்தவர். அதை முறிக்கவென்றே ஒரு செவ்வாய்க்கிழமை கோழிக்கறி சாப்பிட்டார், ருசி தெரியாமல். அடுத்த நாள் வெயில் எறித்தது.

இருபத்திரண்டாம் திகதி வெறுங்கையோடு போனார்கள். அதிகாரி கடதாசியை ஒரு மாதம் மட்டும் நீட்டினார். கோப்பு மூடியாயிற்று, இனிக் கடிதம் கொண்டுவந்தும் பயனில்லை, பயணத்துக்கு ஆயத்தமாகுங்கள் என்றார். திரும்புகிற பஸ்ஸில் பேர்பெச்சுவா அழுதாள். அம்புறோஸ் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடியப் பனி கொட்டிக் கிடந்தது. வழக்கம்போல மேலே ஏறினார். மேலே முப்பத்தொன்று. நடுவே நட்டுப் பார்த்தார், இருபத்தேழு. கீழேயிருந்து போல்மன் மூச்சு வாங்க ஏறி வந்து, சிரித்த முகத்தோடு கையெழுத்திட்ட கடிதத்தை நீட்டினார்.

அம்புறோஸ் "டங்கே" என்று நன்றி சொல்லி வாங்கி, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். துவாய் தோளில் கிடந்தது. கோலைப் பிடுங்காமல், நட்ட இடத்திலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனார்.